பெயர் பொறித்த குறுவாள்

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், முன்னாள் மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஒசூர் சிப்காட் வளாகத்து ஆலையொன்றில் முப்பதாண்டுகள் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்றவர். மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பொருளை மேசைமீது வைத்துப் பிரித்தார். ஒரு சாண் நீள அலகும் இரும்புக் கைப்பிடியும் கொண்ட குறுவாள் அது. அலகின் இரு பக்கமும் புலிவரிகள். அவற்றுக்கிடையே பாரசீக எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே பாரசீக எண்களில் 1213 என்ற ஆண்டு.

"திப்பு சுல்தானின் தளபதி ஒருவருடையது சார். கிருஷ்ணகிரி கோட்டை அடிவாரத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததாம்" என்றார். பணிக்கொடையிலிருந்து மூன்று லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நான் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டால் சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

நான் பொருளாதாரம் கற்பித்தவன். ஆயுதவியல் அறிஞன் அல்லன். பழைய நாணயங்களையும் ஆயுதங்களையும் இருபது ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய ஆர்வம் மட்டுமே உண்டு. ஆயினும் இத்தகைய பொருள்கள் நம் எல்லைப் பகுதியில் கைமாறுவது அதிகரித்துவருவதால், அந்தக் குறுவாளை நாங்கள் ஆராய்ந்த விதத்தை எழுதுவது பலருக்கும் பயன்படக்கூடும்.

இந்த ஆசையின் காரணம் வெளிப்படையானது. 2023 மே மாதம் லண்டன் போனாம்ஸ் நிறுவனத்தின் ஏலத்தில், திப்புவின் படுக்கையறை வாள் எனப்படும் வாள் 1,40,80,900 பவுண்டுக்கு விலைபோனது. நம் பணத்தில் 140 கோடி ரூபாய்க்கும் மேல். ஏலத்துக்கு முன் வெளியிடப்பட்ட மதிப்பீட்டைப் போல அது ஏழு மடங்கு. செய்தி வெளியான நாளிலிருந்து, ஒசூர், இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பரணில் கிடந்த கத்திகள் எல்லாம் திப்புவின் கத்திகளாயின. 1990-இல் தூர்தர்ஷனில் 'திப்பு சுல்தானின் வாள்' தொடர் வந்தபோதும் இதே காட்சியைச் சிறிய அளவில் கண்டிருக்கிறேன்.

குறுவாளைக் கையில் எடுக்கும் முன்பே, விற்றவர் சொன்ன கதையை எடுத்துக்கொண்டோம். கதையைச் சோதிக்கச் செலவில்லை; ஒரு வரலாற்று நூல் போதும். 1213 என்பது ஹிஜ்ரி ஆண்டானால், அது 1798 ஜூன் முதல் 1799 ஜூன் வரையிலான காலம். திப்பு மறைந்தது 1799 மே 4. ஆண்டைத் தேர்ந்தெடுத்தவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். ஆனால் கிருஷ்ணகிரி? மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 நவம்பரில், கர்னல் மேக்ஸ்வெல் தலைமையிலான படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. கீழே இருந்த பேட்டையைப் பிடித்தது, மலைக்கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் முழுவதும், கிருஷ்ணகிரி உள்பட, கம்பெனிக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி வசூலித்துக் கொண்டிருந்த ஆண்டுகளில், திப்புவின் தளபதி ஒருவர் புத்தம்புதுக் குறுவாளைக் கிருஷ்ணகிரி கோட்டையடியில் எப்படி விட்டுச்செல்வார்? ஒசூர் என்று சொல்லியிருந்தால் கதை கொஞ்சம் நின்றிருக்கும். ஏனெனில் அப்பகுதி 1799-இல்தான் கம்பெனிக்கு மாறியது. விற்றவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை.

அடுத்தது ஆண்டை எழுதிய முறை. திப்பு தம் ஆட்சியின் நடுவில் ஹிஜ்ரி கணக்கைக் கைவிட்டு, நபிகள் பிறந்த ஆண்டிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டுமுறையைக் கொண்டுவந்தார். அவருடைய நாணயங்களில் மௌலூதி 1215 முதல், அதாவது ஏறத்தாழ 1787 முதல், இம்முறையே வருகிறது. அத்துடன் இலக்கங்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். ஆகவே 1798-இல் அவருடைய அரசு வெளியிட்ட நாணயத்தில் 1226 என்ற ஆண்டு 6221 போலத் தோன்றும். இவருடைய குறுவாளிலோ ஹிஜ்ரி ஆண்டு, வழக்கமான வரிசையில். இது ஒன்றே போலி என்று தீர்ப்பளிக்கப் போதாது. தனிமனிதர் ஒருவர் தம் சொந்தக் கத்தியில் பழைய கணக்கையே எழுதிக்கொண்டிருக்கலாம். ஆனால் அரச முத்திரையான புலிவரியைச் சுமந்துகொண்டு, அரச ஆண்டுக்கணக்கை மட்டும் மறுக்கும் பொருள் ஐயத்துக்குரியது.

பாரசீக வரியைப் படிக்க முயன்றபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. மாணவரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அரபு எழுத்துமுறையில் எழுத்துகள் சொல்லுக்குள் இணைந்து நிற்கும். இடத்துக்கு ஏற்ப உருவம் மாறும். இங்கே ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே, தனிநிலை உருவில் நின்றது. அதுவும் இடமிருந்து வலமாக. அந்த எழுத்தை ஆளத் தெரியாத வரைகலை மென்பொருளில் ஒரு சொல்லை ஒட்டினால் இப்படித்தான் சிதறும். கணினித் தமிழின் தொடக்க ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நோய் நன்கு தெரியும்: ஒற்றைக்கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமுமாய் நம் எழுத்துகள் உடைந்து கிடக்கவில்லையா? பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவினைஞர் எழுத்துப்பிழை செய்திருக்கலாம். படிப்பறியாதவர் மாதிரியைப் பார்த்துச் செதுக்கியதால் புள்ளிகள் இடம் மாறியிருக்கலாம். மென்பொருள் செய்யும் பிழையை அவர் செய்ய வழியில்லை.

பிறகே உருப்பெருக்கிக் கண்ணாடி. நாணயம் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்குக் கண்ணாடி போதும். முதலில் பார்க்க வேண்டியது எழுத்தின் அழகை அன்று. துருக்குழிக்கும் செதுக்கிய கோட்டுக்கும் உள்ள உறவை. கோடு பழையதானால் துரு அதைத் தின்றிருக்கும். குழி வந்த இடத்தில் கோடு அறுந்து, குழிக்கு அப்பால் மீண்டும் தொடங்கும். கோடு புதியதானால் அது குழிக்குள் இறங்கி, அதன் அடித்தளத்திலும் தடம் பதித்து, மறுகரை ஏறும். எது முந்தியது, எது பிந்தியது என்பதை இரும்பே சொல்லிவிடும். இந்தக் குறுவாளில் புலிவரிகள் மூன்று இடங்களில் துருக்குழிகளுக்குள் இறங்கி ஏறின.

தேய்மானமும் அப்படியே. நம் ஊரில் பரம்பரை ஆயுதம் என்றால் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குச் செங்கல் பொடியோ சாம்பலோ இட்டுத் துலக்கப்பட்டிருக்கும். எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். நூறு முறை துலக்கிய அலகில் கோடுகளின் விளிம்பு மழுங்கிவிடும்; மேடான இடங்களில் பொறிப்பு மங்கி, பள்ளங்களில் மட்டும் தெளிவாக இருக்கும். கோட்டின் அடியில் கெட்டியாகிப்போன எண்ணெயும் குங்குமமும் படிந்திருக்கும். அலகெங்கும் ஒரே ஆழத்தில், விரல் பட்டால் உறுத்தும் கூர்மையுடன் எழுத்து இருக்குமானால், அந்தக் கத்தியை யாரும் வணங்கியதும் இல்லை, துலக்கியதும் இல்லை.

செதுக்கிய விதத்தை அறிய, மாணவரின் நண்பர் நடத்தும் சிறு கருவிப் பட்டறைக்குப் போனோம். அங்கே உதிரிப்பாகங்களைச் சோதிக்கும் நுண்ணோக்கி இருந்தது. உளியால் செதுக்கிய கோடு ஆங்கில எழுத்து 'வி' போன்ற வெட்டுமுகம் கொண்டது. மெல்லத் தொடங்கிப் பருத்து, மீண்டும் மெலியும். வளைவுகளில் கை தயங்கிய இடம் தெரியும். அமிலத்தால் அரித்த கோட்டின் அடித்தளம் தட்டையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். அமிலம் என்றாலே போலி என்று சிலர் கருதுவது தவறு. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலேயே வாள்களில் அமில அரிப்பு வேலை உண்டு. லேசர் கோடு இவ்விரண்டிலும் சேராது. ஓரங்களில் உருகி உறைந்த நுண்மணிகள் இருக்கும். அடியில் சீரான இடைவெளியில் ஓடிய தடங்கள் தெரியும். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டும் அச்சு மாறாமல் இருக்கும்.

நுண்ணோக்கியில் கண் வைத்த மாணவர் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு சொன்னார்: "சார், இது நாங்கள் பாகங்களுக்கு எண் போடும் வேலை. முப்பது வருஷம் இதைத்தான் பார்த்தேன்."

அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயினும் பட்டறைக்காரர் ஆர்வம் கொண்டுவிட்டார். பழைய இரும்பாக இருக்கும்போல் தெரிகிறதே என்று அவர்தான் சொன்னார்.

உலோகக் கலவையை நொடியில் காட்டும் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியை இன்று எங்கள் பகுதி ஆலைகள் பலவற்றில் காணலாம். நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் இயந்திரத்தின் உறவினர் அது. அலகில் குரோமியம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. துருப்பிடிக்காத எஃகு 1913-க்குப் பிந்திய பொருள். மாங்கனீசு கணிசமாக இருந்தாலும் ஐயப்படலாம். 1850களுக்குப் பின் வந்த ஆலை உருக்கில்தான் அதை வேண்டுமென்றே சேர்க்கத் தொடங்கினார்கள். இந்த அலகில் குரோமியம் இல்லை. மாங்கனீசு மிகக் குறைவு. பக்கவாட்டில், மரத்தின் நார்போல நீண்ட கசடு வரிகள் தெரிந்தன. சிறு உலையில் உருக்கிச் சம்மட்டியால் அடித்த இரும்புக்கு உரிய அடையாளம் அது. கைப்பிடிக்குள் அலகின் வால் அரக்கால் பொருத்தப்பட்டிருந்தது. இக்காலப் பட்டறையாக இருந்தால் அரால்டைட்டோ எம்-சீலோ போட்டிருப்பார்கள்.

ஆகவே குறுவாள் பழையது. ஆண்டைத் துல்லியமாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அது சந்தைக்காகச் செய்த பொருள் அன்று. பெயரில்லாத யாரோ ஒரு காவல்காரரோ சிப்பாயோ பாளையக்கார வீட்டு ஆளோ இடுப்பில் செருகியிருந்த உண்மையான ஆயுதம். வெறுமனே விற்றிருந்தால் சில ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்கும். லேசர் இயந்திரத்தில் அரைமணி நேரம் வைத்ததும் மூன்று லட்சமாயிற்று. அந்த அரைமணியில், அதன் மேற்பரப்பு இரண்டு நூற்றாண்டாகச் சேர்த்துவைத்திருந்த சான்றுகளும் போயின.

ஏமாந்த தொகையைவிட எனக்கு வருத்தம் தந்தது இதுதான். 1970-இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பிற்பாடு, 2001-இல், நோபல் பரிசு பெற அதுவே முதன்மைக் காரணம். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி விலைதான் கொடுக்கத் துணிவார். அந்த விலை நல்ல பொருள் வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் விலகுவார். எஞ்சுவது மட்டமான சரக்கு. வகுப்பில் முப்பதாண்டுகள் இதைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். ஆயுதச் சந்தையில் இன்னும் ஒரு படி மேலே போகிறது: நல்ல பொருள் விலகுவது மட்டுமன்றி, மட்டமான பொருளுக்கு மூலப்பொருளாகவும் ஆகிறது. பெயரில்லாத மெய்யான கத்திக்கு விலையில்லை என்பதால், பெயருள்ள பொய்யான கத்தி அதிலிருந்து உருவாகிறது.

நம் நாட்டில் மெய்யான ஆயுதங்கள் ஏராளமாக எஞ்சியிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையின் கதையைக் கேட்டால் இது புரியும். 1855-இல் மராத்திய அரச மரபு முடிவுக்கு வந்தபின், 1860களில் அந்த ஆயுதக் குவியலிலிருந்து ஒரு பகுதியை மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியைப் பழைய இரும்பாக உடைத்துத் தள்ளினார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்தக் கட்டாரிகளைப் பார்த்தவர்கள், அடுத்த முறை அலகுகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கைகாப்பில் யாளியும் கொடியுமாகத் தென்னிந்திய வேலைப்பாடு. அலகோ பல கட்டாரிகளில் ஐரோப்பிய வாளின் துண்டு. கப்பலில் வந்த ஜெர்மன், இத்தாலிய அலகுகளை வெட்டி இங்கே தறைந்திருக்கிறார்கள். ஆகவே இந்தியப் பிடியில் அன்னிய எழுத்து இருப்பது போலிக்கு அடையாளம் அன்று.

அந்த அன்னிய எழுத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆந்திரேயா ஃபெராரா என்பவர் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கொல்லர். அவர் பெயருக்கு இருந்த மதிப்பைக் கண்டு, ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பட்டறைகள் அவர் இறந்து நெடுங்காலம் ஆனபின்பும் அந்தப் பெயரைத் தம் அலகுகளில் பொறித்து உலகெங்கும் விற்றன. நானூறு ஆண்டுப் பழமையான மெய்யான அலகின்மேல் நானூறு ஆண்டுப் பழமையான பொய்ப்பெயர்! சேகரிப்பாளர் அதையும் மதித்துத்தான் வாங்குகிறார், பொய்யே வரலாறாகிவிட்டதால். சென்ற ஆண்டு லேசரில் எழுதிய பொய்யும் நானூறு ஆண்டு கழிந்தால் அப்படி மதிக்கப்படுமோ என்னவோ.

பொன் வேலைப்பாடு இருந்தால் சோதனை இன்னும் எளிது. நம் பழைய முறையில் இரும்பின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாய்க் கீறி, பொற்கம்பியை அதன்மேல் அடித்துப் பதிப்பார்கள். கோஃப்த்காரி என்று பெயர். பொன் உதிர்ந்த இடத்தில் அந்தக் கீறல்வலை தெரிய வேண்டும். பாதரசத்தில் கரைத்துப் பூசிய முலாமானால், எக்ஸ்-கதிர்க் கருவி பாதரசத்தின் எச்சத்தைக் காட்டும். இரண்டும் இன்றிக் கோட்டின் சுவர்களிலும் அடியிலும் ஒரே சீராகப் பொன் படிந்திருந்தால் அது மின்முலாம். வணிக முறையில் 1840-க்கு முன் அது கிடையாது.

இவ்வளவும் தேறிய பின்பும், இன்னாருடைய ஆயுதம் என்ற உரிமைக்கு இரும்பு சாட்சி சொல்லாது. அதற்குக் கைமாறிய வரலாறு வேண்டும். படுக்கையறை வாளை 1799-இல் கோட்டைத் தாக்குதலை நடத்திய டேவிட் பேர்டுக்குப் படையினர் வழங்கினர். அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் முன்பு ஏறத்தாழ நான்காண்டுகள் சிறையிலிருந்தவர். அந்த வாள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்குத் தொடர்ச்சியான பதிவு இருந்தது. 2024 நவம்பரில் அதே நிறுவனம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்த வேறொரு வாளை விற்றது. அதிலும் புலிவரி இருந்தது. ஹைதரின் பெயரின் முதலெழுத்து பொன்னில் இருந்தது. தாக்குதலில் பங்கேற்ற அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டது. விலை மூன்று லட்சத்துச் சொச்சம் பவுண்டு. ஒரே கோட்டை, ஒரே போர். ஒன்று திப்புவின் சொந்த அறையில் கிடைத்தது என்பதும் மற்றதற்கு அப்படிச் சொல்ல இயலாது என்பதும்தான் விலை வேறுபாட்டின் பெரும்பகுதி.

நம் ஊரில் ஆவணத்துக்குப் பதிலாகக் கிடைப்பது தாத்தா சொன்ன கதை. அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. உண்மையான குடும்பக் கதையில் எப்போதும் அசௌகரியமான பகுதி ஒன்று இருக்கும்: அடகு வைத்து மீட்டது, பங்காளிச் சண்டையில் பிடி உடைந்தது, தேங்காய் உரிக்கப் பயன்பட்டது. மாசுமருவற்ற கதைகளை நான் நம்புவதில்லை.

மண்ணில் கிடைத்தது என்ற கதைக்கு வேறொரு தொல்லையும் உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, நிலத்தில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த பொருள்களை வணிகமாக விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. ஆகவே கோட்டையடியில் கிடைத்தது என்று விற்றவர் சொன்னது மெய்யானால், விற்றது குற்றம், பொய்யானால், மோசடி. எந்த வகையிலும் மாணவருக்கு நன்மையில்லை. உரிம எண்ணும் எழுத்துப்பூர்வமான ரசீதும் கேட்டிருந்தால் பேரம் அன்றே முறிந்திருக்கும்.

பட்டறையிலிருந்து திரும்பும் வழியில், பொறிப்பைச் சாணை பிடித்து அழித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், எஞ்சியிருக்கும் பழைய பரப்பும் அதோடு போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு தாளில் நீளம், எடை, அலகின் கலவை, பொறிப்பு லேசரால் அண்மையில் செய்யப்பட்டது என்பதற்கான காரணங்கள், சோதித்த நாள் ஆகியவற்றை எழுதி, நுண்ணோக்கிப் படங்களையும் சேர்த்து, துணியோடு கட்டிவைத்தோம். நாளை அவருடைய மகன் அதை விற்க நேர்ந்தாலும் இன்னொருவர் மூன்று லட்சம் இழக்க மாட்டார். வீட்டில் அன்றிரவே சொல்லிவிட்டார் என்று அறிந்தேன். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டாராம். வேண்டுமானால் இதை எடுத்துக்கொண்டு வேறொரு குறுவாள் தருகிறேன் என்றாராம். அதில் கர்னல் மேக்ஸ்வெல் என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருக்கிறதாம்.